சாவி இல்லாத கதவு: பூட்டு வாங்குமுன் கேட்கவேண்டிய 5 கேள்விகள்

புதிய வீவக வீட்டுக்குச் சாவி கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, அந்தச் சாவிக்கே வேலை இல்லாமல் செய்வது. மின்னிலக்கப் பூட்டு பொருத்தியாகிவிட்டால் ஓர் எண்ணோ விரலோ போதும். கூட்டுரிமை வீடுகளில் நுழைவட்டை, அலுவலகங்களில் முகத்தை அடையாளம் காணும் கருவி என்று ஏற்கெனவே பழகிவிட்டோம். இப்போது சின்னச் சின்னக் கடைகள், முடிதிருத்தும் நிலையங்கள், துணைப்பாட நிலையங்களும் சாவிக்கொத்தைக் கைவிட யோசிக்கின்றன.

வசதி என்னவோ உண்மைதான். ஆனால் விளம்பரத்தில் வராத ஒரு விஷயம் இருக்கிறது.

பழைய சாவிக்கு ஒரே வேலைதான். கையில் வைத்திருப்பவர் உள்ளே போகலாம். அவர் எத்தனை மணிக்குப் போனார் என்று அது யாரிடமும் சொல்லாது. மின்னிலக்கப் பூட்டு அப்படி இல்லை. யாரை உள்ளே விடுவது, யார் எப்போது வந்து போனார், யாருடைய அனுமதியை ரத்துசெய்வது என எல்லாமே ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது. அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, கதவும் அவர் கையில்தான்.

அதனால் விலையைக் கேட்பதற்குமுன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்.

1. அட்டையை நகலெடுக்க முடியுமா?

எல்லா நுழைவட்டையும் ஒன்றல்ல. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய ரக அட்டைகள் பல, தங்கள் எண்ணை எந்த மறையாக்கமும் இல்லாமல் அப்படியே சொல்லிவிடும். அவற்றை நகலெடுப்பது சுலபம். உலகம் முழுவதும் பரவலாகப் பயன்பட்ட ‘மைஃபேர் கிளாசிக்’ அட்டையின் மறையாக்கத்தை 2008ஆம் ஆண்டிலேயே நெதர்லந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினர்.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. 2024 மார்ச்சில், ‘சாஃப்லாக்’ ரக ஹோட்டல் பூட்டுகளில் பெரிய ஓட்டை இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 131 நாடுகளில் 3 மில்லியனுக்கும் அதிகமான கதவுகள் அதனால் பாதிக்கப்படக்கூடியவை.

வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு இங்கே ஒரு வழிகாட்டி உண்டு. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் தொடங்கிய முத்திரைத் திட்டம் மறு ஆண்டே கதவுப் பூட்டுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதில் 4 நிலைகள். 3, 4 ஆகிய நிலைகளுக்கு வெளி ஆய்வகச் சோதனை தேவை. பூட்டுகளுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை; அதனால் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்கவேண்டும்.

2. மின்சாரம் போனால் என்ன ஆகும்? தீப்பிடித்தால்?

கடைகளிலும் அலுவலகங்களிலும் காணும் மின்காந்தப் பூட்டு, மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ளும். உள்ளே இருப்பவர்களுக்கு அது நல்லது, கடைச் சரக்குக்கு நல்லதல்ல. வேறு சில ரகங்கள் மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியபடியே இருக்கும். எந்த ரகமானாலும், உள்ளே இருப்பவர் அட்டையோ எண்ணோ தேடாமல் வெளியேற முடியவேண்டும். இதில் சமரசமே கூடாது.

வீட்டுப் பூட்டுகள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடுபவை. பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து தற்காலிக மின்சாரம் கொடுக்க வசதி உண்டா, அவசரச் சாவி உண்டா என்று பாருங்கள். அவசரச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் பயனில்லை!

வீவக வீட்டில் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். சில வீடுகளின் வாசற்கதவு தீயைக் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்தும் கதவு. அதில் கண்டபடி துளைபோட்டு ஏதோ ஒரு பூட்டைப் பொருத்தினால் அந்தத் தடுப்பாற்றலே கெட்டுப்போகலாம். அந்தக் கதவுக்கு ஏற்ற, சோதிக்கப்பட்ட பூட்டுதான் வேண்டும்.

3. நிறுவனம் கைவிட்டால்?

2017இல் அமெரிக்காவின் ‘லாக்ஸ்டேட்’ நிறுவனம் இணையம் வழி அனுப்பிய ஒரு தவறான மென்பொருள், சுமார் 500 பூட்டுகளைச் செயலிழக்க வைத்தது. அவற்றில் பல, வாடகைக்கு விடப்பட்ட வீடுகளின் கதவுகளில் இருந்தன.

செயலியை மட்டும் நம்பியிருக்கும் பூட்டில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. இணையம் இல்லாமலும் திறக்குமா, மென்பொருள் மேம்பாடு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், மாதக் கட்டணம் நின்றால் எந்தெந்த வசதி நிற்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பதிவேட்டை யார் பார்ப்பார்?

“நேத்து ராத்திரி ஏன் இவ்வளவு லேட்டா வந்தே?” என்று வீட்டு உரிமையாளர் கேட்டால் வாடகைக்கு இருப்பவருக்கு எப்படி இருக்கும்? 2019இல் நியூயார்க்கின் ஒரு கட்டடத்தில் குடியிருந்தவர்கள், செயலியில் திறக்கும் பூட்டு வேண்டாமென்று வழக்குத் தொடுத்து, சாதாரணச் சாவியைப் பெற்றனர். 2021இல் அந்நகரம், இத்தகைய நுழைவு முறைகள் திரட்டும் தகவல்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இங்கே நிறுவனங்களுக்கும் கூட்டுரிமை வீட்டு நிர்வாகங்களுக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். எதற்காகத் தகவல் திரட்டுகிறோம் என்று சொல்லவேண்டும், பாதுகாக்கவேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக்கூடாது. கைரேகை, முகம் போன்ற அடையாளங்களைக் கட்டடப் பாதுகாப்புக்குப் பொறுப்போடு பயன்படுத்துவது குறித்து 2022இல் தனி வழிகாட்டியும் வெளியானது.

இவ்வளவு கவலை ஏன்? 2019இல் ‘பயோஸ்டார் 2’ எனும் நுழைவுக் கட்டுப்பாட்டுத் தளத்தின் தரவுத்தளம் இணையத்தில் திறந்து கிடந்தது. அதில் கைரேகைத் தகவல்களும் இருந்தன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா?

5. எல்லார் கைக்கும் ஒத்துவருமா?

சமையற்கூடத்தில் நாள் முழுக்க ஈரக்கையோடு வேலைசெய்பவர், துப்புரவு ஊழியர், வயதான பாட்டி ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். கருவி “மீண்டும் முயலவும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டிக்குச் செயலியும் தெரியாது என்றால், சொந்த வீட்டு வாசலிலேயே அவர் விருந்தாளிபோல் காத்திருக்கவேண்டியதுதான். ஆகவே குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும்: விரலோடு அட்டை, அல்லது எண்ணோடு சாவி.

சரி, அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டுக்கு, எண்ணும் அவசரச் சாவியும் உள்ள பூட்டே பலருக்குப் போதும். தூரத்திலிருந்து திறக்கும் வசதி உண்மையில் தேவைப்பட்டால் மட்டும் இணைய இணைப்பு. அப்போதும் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். வாடகைக்கு விடுபவர்கள், குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் எண்ணை மாற்றவேண்டும். குடியேறுபவரும் ‘யாரிடம் எண் இருக்கிறது, பதிவேட்டை யார் பார்ப்பார்?’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்கலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

சிறு கடைக்கு, ஆளுக்கொரு எண் அல்லது அட்டை கொடுக்கும் முறை நல்லது. எல்லாருக்கும் ஒரே எண் என்றால், வேலையை விட்டுப்போனவரிடமும் கடை திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். கடைசி வேலை நாளன்றே அவருடைய அனுமதியை நீக்குவதைப் பழக்கமாக்குங்கள்.

கூட்டுரிமை வீட்டில், நிர்வாகம் புதிய முறைக்கு மாறும்போது பொதுக் கூட்டத்துக்குப் போங்கள். அட்டை எந்த ரகம், பதிவு எத்தனை நாள் இருக்கும், முகத்தைக் கொடுக்க விரும்பாதவருக்கு மாற்று வழி என்ன என்று அங்கேயே கேளுங்கள். கருவியைப் பொருத்தியபிறகு கேட்டால், “எல்லாம் முடிஞ்சுபோச்சே” என்பதுதான் பதிலாக வரும்.