விடுதிச் சிரங்கும் 'அசுத்தம்' என்னும் தீர்ப்பும்

தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் அனைத்தும் இனி 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்று 2025 ஜூலையில் முதலமைச்சர் அறிவித்தார். பெயர்ப் பலகை மாறியதை நாம் வரவேற்கிறோம். பலகைக்குப் பின்னாலுள்ள கூடத்தில் எத்தனை பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒட்டிப் படுத்து உறங்குகிறார்கள் என்ற கேள்வியோ மாறவில்லை. அதற்கு விடை காண ஓர் எளிய வழி உண்டு. பிள்ளைகளின் விரலிடுக்குகளைப் பார்த்தால் போதும்.

விடுதியில் சிரங்கு என்றதும் எழும் முதற்சொல் 'அசுத்தம்'. குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை, வளர்ந்த இடம் அப்படி என்று பேச்சு நீளும். வளர்ந்த இடத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் அங்கே பேசுவது மருத்துவம் அன்று, சாதி. மருத்துவம் சொல்வது வேறு. சிரங்கை உண்டாக்குவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சி என்பதை 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் போனோமோ எழுதிவைத்தார். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பெண்பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகளை அதற்குள்ளேயே இடுகிறது. குளியல் அதைக் கழுவிவிடாது. நாள்தோறும் இருமுறை குளிப்பவருக்கும் சிரங்கு வரும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பூச்சியியலாளர் கென்னத் மெலன்பி ஒரு சோதனை நடத்தினார். போரில் சேர மறுத்த தன்னார்வலர்கள், சிரங்கு கண்ட படைவீரர்களின் உள்ளாடைகளை அணிந்தார்கள். அவர்களுடைய போர்வைகளில் உறங்கினார்கள். மிகச் சிலருக்கே நோய் தொற்றியது. நோயுற்றவரோடு ஒரே படுக்கையில் உறங்கியபோதோ எளிதில் தொற்றியது. துணியைக் காட்டிலும், தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டியிருப்பதே சிரங்கின் பாதை. ஆகவே நாம் கேட்க வேண்டியது ஒரு பிள்ளைக்கு எத்தனை சதுர அடி இடம், ஆளுக்கொரு கட்டில் உண்டா என்பதைத்தான். குளித்தாயா என்று பிள்ளையைக் கேட்பது, அரசு சொல்ல வேண்டிய விடையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாகும்.

அறிகுறிகளைக் காப்பாளரும் பெற்றோரும் அறிந்திருப்பது நன்று. அரிப்பு இரவில் மிகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களும் மெல்லிய கோடுகளும் தோன்றும். பாடநூற் படங்களில் காணும் சிவப்பு நம் பிள்ளைகளின் கருந்தோலில் அவ்வளவாகத் தெரியாது. தடவிப் பார்த்தே உணர வேண்டும். ஒரே அறையில் இருவருக்கு மேல் சொறிந்தால், வேறு காரணம் தெரியும்வரை அதைச் சிரங்கு என்றே கொள்ளலாம்.

சிகிச்சை தோற்பதற்கு எப்போதும் மருந்தே காரணமன்று. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் அவர் அறியாமலே பிறருக்குப் பரப்பிவிடுவார். ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளிகளில் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் சிரங்கின் பெயரும் உண்டு. ஆனால் கண்டறியப்படும் பிள்ளையின் கையில் ஒரு களிம்பைக் கொடுப்பதோடு பணி முடிந்துவிட்டால் பயனில்லை. பக்கத்துப் பாயில் அரிப்பின்றி உறங்கும் பிள்ளையிடமிருந்து பூச்சி மீண்டும் அவனிடமே வரும். பின்னர் 'மருந்து கொடுத்தும் ஒழுங்காகப் பூசவில்லை' என்று பழியும் வரும்.

அறையிலுள்ள அனைவருக்கும், அரிப்பு இல்லாதவருக்கும், ஒரே நாளில் மருந்து என்பதே விதி. ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண் விடாமல் பூசி, எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் இன்னொரு முறை. வளர்ந்த பிள்ளைக்கு ஒருமுறைக்கு ஏறத்தாழ 30 கிராம் தேவை. ஐம்பது பேர் தங்கும் விடுதிக்கு இருமுறைக்குமாக நூறு ட்யூப். இதனால்தான் ஐவர்மெக்டின் மாத்திரை எளிய வழியாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதே இடைவெளியில் இரு தவணை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் அது கூடாது. மருந்து உண்ட அன்று துணிகளைக் கொதிநீரில் அலசலாம். அல்லது பையில் கட்டி மூன்று நாள் ஒதுக்கி வைக்கலாம். பாயை எரிக்க வேண்டியதில்லை. பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரங்கள் நீடிக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இல்லையேல் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவார்கள். அது அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிடும்.

ஃபிஜித் தீவுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஊர் முழுமைக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த பகுதியில் ஓராண்டில் சிரங்கு 32 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நோயுற்றவருக்கும் அவரோடு பழகியவருக்கும் மட்டும் களிம்பு கொடுத்த பகுதியில் அது 37-லிருந்து 19-க்குத்தான் குறைந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்படுவது நோயா, அது தங்கும் உடல்களா என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதை வெறும் அரிப்பு என்று தள்ளிவிட முடியாது. சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்தால் சில வாரங்களில் சிறுநீரகம் வீங்கக்கூடும். சிரங்குப் புண் இருந்த பிள்ளைக்குக் காலையில் முகம் வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பேனுக்கும் இதே நீதிதான். தலையோடு தலை சேர்வதால் அது பரவுகிறது. கூந்தலின் தூய்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஈரத் தலையைப் பேன் சீப்பால் நாள்விட்டு நாள் வாரி, ஒரு விழுக்காடு பெர்மெத்ரினை ஒன்பது பத்து நாள் இடைவெளியில் இருமுறை இட்டால் தீரும். ஈர் பொரிந்து வரும் குஞ்சுகளைக் கொல்லவே இரண்டாம் முறை. மாணவியின் கூந்தலை மழிப்பதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை. பேனின் பெயரால் அதைச் செய்வது தண்டனை.

விடுதிகள் ஜூனில் திறக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முதல் வாரத்தில் ஒரு முறையும், அரிப்பு வெளிப்படும் ஜூலையில் மறுமுறையும் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். ஓர் அறையில் ஒருவருக்குக் கண்டாலும் அந்த அறை முழுமைக்கும் இரு தவணை மருந்தும், விடுமுறைக்குச் செல்லும்போது வீட்டாருக்கான மருந்தும் கொடுக்க வேண்டும். இதற்கு நலத்துறையும் சுகாதாரத்துறையும் சேர்ந்து பிறப்பிக்கும் ஓர் அரசாணை போதும். அந்த ஆணையில் ஒவ்வொரு விடுதியிலும் எத்தனை பிள்ளைகள், எத்தனை கட்டில்கள் என்ற கணக்கும் இணைக்கப்பட வேண்டும் என்று கோருகிறோம்.