முகமூடிக் கொலைப் படங்களின் நடிகர்களுக்கு எப்போது மரியாதை?

2023 மார்ச்சில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை வாங்கிய ஜேமி லீ கர்ட்டிஸ், குடும்பத்தோடும் படக்குழுவோடும் சேர்த்து இன்னொரு கூட்டத்தையும் மேடையில் நினைவுகூர்ந்தார். இத்தனை ஆண்டுகளாகத் தன்னுடைய திகில் படங்களை ஆதரித்துவந்த லட்சக்கணக்கான ரசிகர்களை விளித்து, இந்த விருதை நாம் சேர்ந்தே வென்றிருக்கிறோம் என்றார். மேடை உபசாரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. 1978-ல் ‘ஹாலோவீன்’ படத்தில் அறிமுகமான 19 வயதுப் பெண்ணை நல்ல நடிகை என்று முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் ஸ்லாஷர் பட ரசிகர்கள்தான். ஆஸ்கர் குழுவுக்கு அதற்கு ஏறக்குறைய 45 ஆண்டுகள் ஆயின. அதுவும் ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ என்ற முற்றிலும் வேறு வகைப் படத்துக்காக.

கத்தியோடு அலையும் கொலைகாரன், அவனிடம் ஒருவர்பின் ஒருவராகச் சிக்கும் இளைஞர்கள், கடைசியில் எஞ்சி நின்று எதிர்க்கும் ஒரு பெண். ஸ்லாஷர் படங்களின் கதை பெரும்பாலும் இவ்வளவுதான். இவற்றை விரும்பிப் பார்ப்பவர் ரத்தவெறி பிடித்தவராகத்தான் இருப்பார் என்ற எண்ணம் நன்கு படித்தவர்களிடம்கூட இருக்கிறது. நானும் இந்தப் படங்களின் ரசிகன். தீவிர ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு கொலைகளில் தொடங்கினாலும் நடிகர்களிடம்தான் போய் நிற்கும். ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ படங்களின் கொலைகாரன் ஜேசனாக நடித்தவர்களில் யாருடைய நடை சரியாக இருந்தது, எந்தக் கதாநாயகியின் அலறல் நிஜமாக இருந்தது, யார் இன்னும் நல்ல வாய்ப்புகளைப் பெற்றிருக்க வேண்டியவர் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அவர்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கும் நடிகர்களை விருதுக் குழுக்களும் தயாரிப்பு நிறுவனங்களும் நடத்தியிருக்கும் விதம் நியாயமற்றது.

‘ஹாலோவீன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுதி, கார்பென்டர் இயக்கிய அந்தப் படத்தின் செலவு சுமார் 3 லட்சம் டாலர். அமெரிக்கத் திரையரங்குகளில் மட்டும் அது 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கதை இலையுதிர் காலத்தில் நடக்கிறது. படப்பிடிப்போ கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். அதனால் காகித இலைகளுக்கு வண்ணமடித்துத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் பொறுக்கியெடுத்து அடுத்த காட்சிக்குப் பயன்படுத்தினார்கள். கொலைகாரனின் முகமூடி, கடையில் 2 டாலருக்கும் குறைவாக வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடி. அதற்கு வெள்ளைப் பூச்சு பூசிக் கண்துளைகளைப் பெரிதாக்கியதும் அது யாருடையதும் இல்லாத முகமாகிவிட்டது. கதாநாயகியின் சம்பளம் 8,000 டாலர்.

முதல்முறை பார்ப்பவர்களைத் திகைக்கவைப்பது, படத்தில் ரத்தம் அநேகமாக இல்லை என்பதுதான். அச்சம் முழுவதும் கர்ட்டிஸின் முகத்தில் இருக்கிறது. காட்சிகளை வரிசை மாற்றி எடுத்ததால், எந்தக் காட்சியில் கதாநாயகி லாரியின் பயம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்குக் கார்பென்டர் ஓர் அளவுகோலே வகுத்துக்கொடுத்தார். அந்த அளவுகளை அனுபவமற்ற ஒரு பெண் எப்படிக் கையாண்டார் என்பதை அலமாரிக் காட்சியில் பார்க்கலாம். துணி அலமாரிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறாள் லாரி. கதவு உடைகிறது. அலறல் தேம்பலாகிறது. தேம்பலுக்கு நடுவே கைகள் ஒரு கம்பி மாட்டியை எடுத்து நிமிர்த்துகின்றன. முகம் பயந்துகொண்டிருக்கும்போதே கைகள் பிழைக்கும் வழியைத் தேடுகின்றன. நடிப்புப் பயிற்சிக் கூடங்களில் பாடமாக வைக்கத் தக்க சில நொடிகள் அவை.

முகமூடிக்குள் இருந்தவரையும் சொல்ல வேண்டும். கார்பென்டரின் கல்லூரி நண்பர் நிக் கேசில், ஒரு நாளைக்கு 25 டாலர் கூலிக்கு நடித்தார். ஓர் இளைஞனைச் சுவரோடு கத்தியால் குத்தி நிறுத்திவிட்டு, தன் கைவேலையைப் பார்ப்பவர்போலத் தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்பார். வசனமில்லை, முகமும் இல்லை. கழுத்தின் அசைவு ஒன்றுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ரசிகர்கள் அந்தத் தலைச்சாய்ப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கர்ட்டிஸுக்குத் திகில் நடிப்பு ஒருவகையில் தாய்வழிச் சொத்து. அவருடைய தாய் ஜேனட் லீதான் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் குளியலறையில் கொலையாகும் மேரியன் கிரேன். படத்தின் பெரிய நட்சத்திரம் பாதிப் படம் முடிவதற்குள் இறந்துபோவதை அன்றைய பார்வையாளர்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு காட்சியை எடுக்க ஒரு வாரம் ஆனது. கறுப்பு வெள்ளையில் ரத்தமாக ஓடியது சாக்லேட் குழம்பு. லீக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையாவது கிடைத்தது. கொலைகாரன் நார்மன் பேட்ஸாக நடித்த ஆந்தனி பெர்கின்ஸுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஹிட்ச்காக் என்ற பெயர் இருந்தும் அதுதான் நிலை. பெயரில்லாத இயக்குநர்களின் படங்களில் நடித்தவர்கள் என்ன எதிர்பார்க்க முடியும்? 1998-ல் ‘ஹாலோவீன் ஹெச்20’ படத்தில் தாயும் மகளும் சேர்ந்து தோன்றியபோது, ரசிகர்களுக்கு அது இரண்டு தலைமுறைத் திகில் வரலாறு ஒரே சட்டகத்தில் நின்ற தருணம்.

‘த டெக்சஸ் செயின் சா மாசாக்கர்’ (1974) படத்தில் நடித்த மேரிலின் பர்ன்ஸ் பட்ட பாடு இதைவிடக் கடுமை. டெக்சஸின் கோடை வெயிலில், நாறும் எலும்புகளுக்கு நடுவே, இரவு விருந்துக் காட்சிக்காகக் குழு 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தது. விரலைக் கீறும் காட்சியில் அவருடைய விரல் உண்மையாகவே வெட்டப்பட்டது. படத்தின் முடிவில் ஒரு பிக்கப் வண்டியின் பின்பகுதியில் ஏறித் தப்பும்போது அவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கத்துவார். மரணத்தின் வாயிலிருந்து மீண்ட மனித மனத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய நடிப்பு எனக்கு நினைவில்லை. படம் பெரும் பணம் ஈட்டியது. நடித்தவர்கள் கைக்கு வந்ததோ மிகச் சொற்பம்.

1980-ல் ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ வந்தது. ஜேசனின் ஹாக்கி முகமூடியை நினைத்துக்கொண்டு அதைப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. முதல் படத்தில் கொலைகாரி ஒரு தாய். ஏரியில் மூழ்கிய மகன் ஜேசனுக்காகப் பழிவாங்கும் அந்தப் பாத்திரத்தில், தொலைக்காட்சியில் இன்முகத்தோடு தோன்றிப் பிரபலமான பெட்சி பாமர் நடித்தார். புதிய கார் வாங்கப் பணம் தேவைப்பட்டதால்தான் ஒப்புக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பத்து நாள் வேலைதான் என்றாலும் மனசாட்சியோடு நடித்தார். அன்பான அத்தையின் புன்னகை சட்டென்று உறைந்து, மகனின் குரலில் பேசத் தொடங்கும் இடம் படத்தின் உச்சம். அதற்குக் கிடைத்த கௌரவம், மோசமான துணை நடிகை என்று ராஸி விருதுக்கான பரிந்துரை. விமர்சகர் ஜீன் சிஸ்கெல், பாமருக்குக் கண்டனக் கடிதம் எழுதுமாறு வாசகர்களைத் தூண்டி, அவருடைய ஊர்ப் பெயரையும் அச்சிட்டார். ஒரு வேடத்தை ஏற்றதற்காக நடிகையின் ஊரைக் காட்டிக்கொடுப்பது விமர்சனமே அல்ல.

முகமூடி போட்டுவிட்டால் உள்ளே யார் இருந்தால் என்ன என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். ரசிகர்கள் அப்படி நினைக்கவில்லை என்பதற்குச் சரியான சான்று கேன் ஹாடர். சண்டைக் கலைஞரான அவர், 1988-ல் வந்த ஏழாம் பாகத்திலிருந்து தொடர்ந்து நான்கு படங்களில் ஜேசனாக நடித்தார். இளம் வயதில் ஒரு தீச் சாகசத்தில் விபத்து நேர்ந்து உடல் வெந்து, சாவின் விளிம்புவரை போய் வந்தவர். அவரேதான் அந்த ஏழாம் பாகத்தில் உடல் முழுக்கத் தீயைப் பற்றவைத்துக்கொண்டு நடித்தார். கொலைக்கு முன் தோள்கள் ஏறி இறங்க மூச்சு வாங்கும் அந்த ஜேசனைப் பின்னாலிருந்து பார்த்தாலும் ரசிகர்கள் அடையாளம் சொல்வார்கள். 2003-ல் ‘ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்’ படத்துக்கு அவரை விட்டுவிட்டு வேறொருவரைப் போட்டபோது எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ரசிகர்கள் கத்தியையும் ரத்தத்தையும் மட்டும் பார்க்க வருபவர்களாக இருந்தால் அந்தக் கோபம் ஏன் வந்தது?

ராபர்ட் எங்லண்ட் விஷயத்திலும் இதே கதைதான். மேடை நாடகப் பயிற்சி பெற்றவர். ‘வி’ தொலைக்காட்சித் தொடரில் சாதுவான வேற்றுக்கிரகவாசியாக நடித்தவர். வெஸ் கிரேவனின் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) அவரைக் கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகராக்கியது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த அகதிகளில் சிலர் தூக்கத்திலேயே இறந்ததைப் பற்றிய செய்திகளே அந்தக் கதைக்கு வித்து. தினமும் மணிக்கணக்கில் முகத்தில் ரப்பர்த் தோல் ஒட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்தும் ஒரு கொடூரமான குதூகலத்தை எங்லண்ட் வெளியே கொண்டுவந்தார். சிறிய நிறுவனமாக இருந்த நியூ லைன் சினிமாவை நிமிர்த்தியது ஃப்ரெடிதான். அதே நிறுவனம்தான் பின்னாளில் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களை எடுத்தது. 2010-ல் மறுஆக்கம் வந்தபோது, ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஜாக்கி எர்ல் ஹேலி ஃப்ரெடியாக நடித்தார். திறமைசாலிதான். படமும் பணம் பார்த்தது. ஆனால், ரசிகர் மனத்தில் அந்த ஃப்ரெடி ஒட்டவில்லை, அடுத்த பாகமும் வரவில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. 1980களில் வெற்றியைக் கண்டு குவிந்த நகல்களில் பல, பெண்ணுடல் கிழிபடுவதைக் காட்டுவதைத் தவிர வேறு நோக்கம் இல்லாதவை. சிஸ்கெலும் சக விமர்சகர் ராஜர் ஈபர்ட்டும் 1980-ல் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைக் கண்டித்தபோது சொன்னதில் உண்மை இருந்தது. அதே ஈபர்ட் ‘ஹாலோவீன்’ படத்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. வன்முறை யார் பக்கம் நின்று காட்டப்படுகிறது என்பதுதான் அவர் பார்த்த வேறுபாடு. பெர்க்லியில் பழைய ஸ்காண்டிநேவிய இலக்கியம் கற்பித்த பேராசிரியர் கேரல் குளோவர் 1987-ல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஆழமாகப் போனார். திரையரங்கில் பெரும்பாலும் அமர்ந்திருந்த இளைஞர்கள் தொடக்கத்தில் கொலைகாரனின் கண் வழியே பார்த்தாலும், இறுதியில் உயிர் பிழைக்கும் பெண்ணோடுதான் ஒன்றுகிறார்கள் என்று காட்டினார். ஆண்கள் தங்களை ஒரு பெண்ணாக உணர்ந்து, அவளோடு சேர்ந்து பயந்து, அவள் திருப்பி அடிக்கும்போது கைதட்டுவதற்கு வெகுஜன சினிமா எத்தனை இடம் கொடுத்திருக்கிறது?

தமிழில் இவ்வகைப் படங்கள் வேறு மாதிரி அமைந்தன. ‘ஹாலோவீன்’ வந்த அதே 1978-ல்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. அங்கே கொலைகாரன் கமல்ஹாசன். ‘மூடுபனி’யில் பிரதாப் போத்தன். ‘நூறாவது நாள்’ படத்தில் மொட்டைத் தலையும் கண்ணாடியுமாக சத்யராஜ். நம் படங்களில் கொலைகாரனே கவர்ச்சியான முகம். ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தில் ஸ்ரீதேவியின் சாரதா கொலைகாரனின் வீட்டுக்குள் உண்மையைக் கண்டுபிடிக்கும் காட்சிகள் எவ்வளவு நுட்பமானவை! அவற்றைப் பற்றி நாம் பேசியது குறைவு. ‘ராட்சசன்’ (2018) படத்தில் பலத்த ஒப்பனைக்குள் நம்மை நடுங்கவைத்த சரவணனின் பெயர், படத்தைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

பணத்துக்கு வருவோம். 1996-ல் ‘ஸ்க்ரீம்’ உலக அளவில் 17 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன் கதாநாயகி சிட்னியாக ஐந்து படங்களைச் சுமந்தவர் நெவ் கேம்பல். ஆறாம் பாகத்துக்குத் தருவதாகச் சொன்ன சம்பளம், தான் அந்த வரிசைக்குக் கொடுத்ததற்கு ஈடாக இல்லை என்று 2022-ல் வெளிப்படையாகச் சொல்லி விலகினார். ரசிகர்கள் அவர் பக்கம் நின்றார்கள். 2024-ல் அவரை ஏழாம் பாகத்துக்குத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. ரசிகர்களின் இந்த விசுவாசம் பணமாகவும் வருகிறது. டேமியன் லியோனின் ‘டெரிஃபையர் 2’ (2022) ரசிகர்களிடம் திரட்டிய பணத்தின் துணையோடு, சுமார் இரண்டரை லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் கோரங்கள் பல எனக்கு ஒவ்வாதவை. ஆனால், ஒரு சொல்கூடப் பேசாமல், ஊமை நடிப்பாலேயே ஆர்ட் என்ற கொலைகாரக் கோமாளிக்கு உயிர்கொடுத்த டேவிட் ஹாவர்ட் தார்ன்டன் அசலான கலைஞர்.

ஹாலிவுட்டில் ஒரு நல்ல மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து, சண்டை மற்றும் சாகசக் காட்சிகளின் வடிவமைப்புக்கும் ஆஸ்கர் தரப்படும். முதல் விருது 2028 விழாவில். முகமூடிக்குள்ளிருந்து எரிந்தும் விழுந்தும் நடித்தவர்களின் தொழிலுக்கு ஆஸ்கரில் கிடைக்கும் முதல் தனி விருதுப் பிரிவு அது. கார் துரத்தல்களும் வானூர்திச் சண்டைகளும் கொண்ட பெரிய படங்களே அந்தப் பட்டியலை நிரப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. வாக்களிக்கும் உறுப்பினர்கள் சிறு செலவில் எடுக்கப்பட்ட ஸ்லாஷர் படங்களையும் முழுதாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். நடிப்பு விருதுகளுக்கும் அதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.