தவளைக்குத் துணை தேடும் முன்

மாட்டுப்பட்டி எஸ்டேட் குடியிருப்பில் வளர்ந்த இளங்கலை மாணவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "தொட்டியில் ஒரு ஆப்பிரிக்கத் தவளை வைத்திருக்கிறேன். பாவம், தனியாக இருக்கிறது. எந்த மீனைத் துணைக்கு விடலாம்?" விலங்கியல் படிப்போர் பலரிடமும் இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது எந்தத் தவளை என்று அறிய வேண்டும். 'ஆப்பிரிக்கத் தவளை' என்ற ஒரே பெயரில் இரு பேரினங்கள் விற்கப்படுகின்றன. ஹைமனோகைரஸ் என்னும் குள்ளத்தவளை ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. வரையே வளரும், அதன் நான்கு கால்களிலும் விரலிடைச் சவ்வு உண்டு. செனோபஸ் லேவிஸ் என்னும் நகத்தவளையில் பெண் 10 செ.மீ.க்கும் மேல் வளரும். அதன் முன்கால் விரல்கள் சவ்வின்றிப் பிரிந்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், வாங்குபவர் முன்கால்களைப் பார்த்தே தீர வேண்டும்.

குள்ளத்தவளைக்குப் பார்வை மங்கல். மோப்பத்தாலும் நீரின் அசைவாலும் மெதுவாகவே இரை தேடும். வேகமாக நீந்தும் மீன்கள் முந்திக்கொண்டால் அது பட்டினியால் மெலிந்து இறக்கும். நம் ஆறுகளுக்கே உரிய 'மிஸ் கேரளா' மீன் அழகானதுதான். ஆனால் விரைந்து நீந்துவது, அழியும் நிலையிலும் உள்ளது. இருவகையிலும் அது தவிர்க்கத்தக்கது. தன் இனத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று தவளைகளே குள்ளத்தவளைக்கு நல்ல துணை. சாதுவான சிறு மீன்களை விடுவதானால் தவளைக்குத் தனியே உணவூட்ட வேண்டும். நகத்தவளையோ வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும், குள்ளத்தவளையையும் விட்டுவைக்காது. முள்ளுள்ள கோரிடோரஸ் மீனை விழுங்கினால் அதன் தொண்டையில் முள் சிக்கும். ஆகவே அதனுடன் மீன் எதையும் விடலாகாது.

வழக்கமான அறிவுரை இத்துடன் முடிந்துவிடும். என் கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. தொட்டிக்கு வெளியேயும் அத்தவளைக்குத் துணைகள் உண்டு.

குள்ளத்தவளைக்கு ஏறத்தாழ 25 டிகிரி வெப்பம் தேவை; மாட்டுப்பட்டிக் குளிரில் ஹீட்டர் இன்றி அது வாழாது. நகத்தவளைக்கு அத்தேவை இல்லை. வளர்ப்பவருக்கு எது வசதியோ அதுவே ஓடைக்கு ஆபத்து. தொட்டியில் ஹீட்டர் இன்றி வாழும் தவளை, தப்பினால் இம்மலை நீரிலும் பிழைக்கக்கூடும். இங்குள்ள நீர் முதிரப்புழை வழியே பெரியாற்றைச் சேர்கிறது.

இதில் நம் துறைக்கும் பங்கு உண்டு. 1930களில் கருவுற்றதைக் கண்டறியும் சோதனைக்காக நகத்தவளையை உலகெங்கும் கொண்டுசென்றவை ஆய்வுக்கூடங்களே. இன்று சிலி, கலிபோர்னியா, பிரான்ஸ் ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் அது பெருகி நிற்கிறது. நம் நாட்டிலும் பாடம் உண்டு. பெருநிலத்தின் வயல்களில் இயல்பாக வாழும் பெருந்தவளை, மீன்குஞ்சுகளோடு கலந்து அந்தமானுக்குச் சென்றது. அதன் தலைப்பிரட்டைகள் அங்குள்ள தவளைகளின் தலைப்பிரட்டைகளை உண்கின்றன. 2018 வெள்ளத்தில் கேரளத்தின் வளர்ப்புக் குளங்களிலிருந்து அரபைமா மீன்கள் ஆறுகளுக்குத் தப்பின.

"ஒற்றைத் தவளை என்ன செய்துவிடும்?" என்று கேட்கலாம். இனம் பெருக்க இணை வேண்டும். நோய் பரப்ப வேண்டியதில்லை. நகத்தவளை நோய்க்குறி ஏதுமின்றியே கைட்ரிட் பூஞ்சையைச் சுமக்கவல்லது. அப்பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்பது உண்மையே. அதனால் வெளியிலிருந்து புதிய வகைகளைக் கொண்டுவரலாம் என்று ஆகாது. இம்மலைத்தொடருக்கு மட்டுமே உரிய நடனத்தவளைகளில் 14 இனங்கள் 2014இல்தான் அறிவியலுக்கு அறிமுகமாயின. பெயர் வைத்த சூட்டிலேயே அவற்றை இழக்கலாமா?

வளர்ப்பதைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. தவளையை வளர்த்துப் பார்த்தே பலர் தவளைகளை நேசிக்கத் தொடங்குகிறார்கள். தொட்டி நீரை ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, ஓடைக்கு எட்டாத வறண்ட நிலத்தில் கொட்டுங்கள். வளர்க்க இயலாது போனால் ஆற்றில் விடாமல் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். ஆசிரியர்கள் இவ்விரண்டையும் முதலாண்டு வகுப்பிலேயே சொல்லலாம்.

அம்மாணவர் தம் தவளையின் முன்கால்களைப் படமெடுத்து அனுப்பினார். விரல்களில் சவ்வு இல்லை. "துணை வேண்டாம், மூடி வேண்டும்" என்று பதில் எழுதினேன்.