உயிர் பிழைத்தவர் உரைக்கட்டும்!

ஆவடியிலே உருவான விஜயந்தா டாங்கியைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஊர்ப் பள்ளி மாணவன் பெருமையோடு சொல்லுவான். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே எந்தப் பட்டறையில் எந்த உதிரிப்பாகம் கடைகிறார்கள் என்று கேளுங்கள், அதையும் சொல்லுவான். அதே மாணவனிடம், "புழலை அடுத்த காவாங்கரையிலே ஒரு முகாம் இருக்கிறதே, அங்கே வாழ்பவர் யார்? ஏன் வந்தனர்? எதை விட்டு வந்தனர்?" என்று கேளுங்கள். விழிப்பான்!

குற்றம் அவனுடையதன்று. அசோகன் நட்ட மரங்களைப் பற்றி அவனுக்குச் சொன்னோம்; அக்பர் அவையிலிருந்த மணிகளை எண்ணச் சொன்னோம். பக்கத்து ஊரிலே, அவன் பேசும் மொழியையே பேசிக்கொண்டு, அவன் பாட்டியின் வயதிலே உட்கார்ந்திருக்கும் வரலாற்றை மட்டும் அவனுக்கு அறிமுகம் செய்து வைக்கவில்லை. வளரும் பருவத்து இளைஞருக்கு இனப்படுகொலையைப் பற்றிக் கற்பித்தாக வேண்டும். அதையும் உயிர் பிழைத்தவர் வாய்மொழி வழியாகக் கற்பித்தாக வேண்டும். இதுவே நம் வாதம்.

1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே புலிகளின் தாக்குதலில் 13 படையினர் மாண்டனர். மறுநாள் இரவு கொழும்பு எரியத் தொடங்கிற்று. வாக்காளர் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன கும்பல்கள். குடியாட்சியின் ஏடு கொலைக்கு வழிகாட்டும் ஏடாயிற்று! மாண்டவர் சில நூறு பேர் என்றது அரசு; 3000 வரை இருக்கும் என்றனர் பிறர். வெலிக்கடைச் சிறையிலே, அரசின் காவலிலே, ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர்.

எண்களைப் படித்துவிட்டீர்கள். நெஞ்சு நடுங்கிற்றா? நடுங்கியிராது. எண்ணை எழுதித் தேர்விலே மதிப்பெண் பெறலாம். மறுநாள் மறந்தும் போகலாம்.

அந்த வெலிக்கடையிலே உயிர் பிழைத்தவர்களுள் ஒருவர் எஸ்.ஏ.டேவிட். கட்டடக் கலைஞர், மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தமிழருக்கு வாழ்வு தேடித்தந்த காந்தியம் அமைப்பின் தலைவர். உடன் உழைத்த மருத்துவர் இராஜசுந்தரம் ஜூலை 27 அன்று கொல்லப்பட்டார். டேவிட் பிழைத்தார், மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து தப்பிக் கடல் கடந்தார், பல்லாண்டுகள் நம் சென்னையிலேயே வாழ்ந்தார். 2015இல் தாய்மண்ணுக்குத் திரும்பி, அந்த ஆண்டே மறைந்தார். இத்தனை ஆண்டுகளிலே நம் பள்ளிகளில் எத்தனை அவரை அழைத்தன? எத்தனை இளைஞர் அவர் எதிரே அமர்ந்து, "ஐயா, அன்று என்ன நடந்தது?" என்று கேட்டனர்? உலகின் வேறோர் ஊரிலே இப்படி ஒரு சாட்சி இருந்திருந்தால் ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்திருப்பார்கள். நாம் கைக்கெட்டும் தொலைவிலே வைத்துக்கொண்டு கைவிட்டோம்!

சாட்சியைக் கைவிட்டால் என்ன ஆகும்? நம் மண்ணின் கதையே பதில் சொல்லும். மதுரையிலே எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று வென்றவர் பக்கத்து இலக்கியம் பாடுகிறது. கோயில் விழாக்களிலே அது நினைவு கூரப்படுகிறது. சமணர் பக்கத்திலிருந்து அதனைச் சொல்லும் குரல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. நடந்ததா, புனைந்ததா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். நடந்திருந்தால், மாண்டவருக்காக அழ ஆளில்லை. நடக்கவில்லையென்றால், மறுக்கவும் ஆளில்லை. வென்றவன் வாய் மட்டுமே பேசுமானால் கொலையும் திருவிழாவாகும், தோழர்களே!

"பிஞ்சு நெஞ்சம்! அதிலே இரத்தக் கதையை ஊற்றலாமா?" என்கிறார்கள் சிலர். அசுர வதத்தைக் குழந்தைக்குக் கதையாகச் சொல்லிப் பட்டாசு கொளுத்தச் சொல்பவர்களுக்குத் திடீரென்று பிஞ்சு நெஞ்சம் நினைவுக்கு வருகிறது! நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமிலே ஒளிந்து வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்க், அதனைத் தொடங்கியபோது 13 வயதுச் சிறுமி. 1945இல் பெர்கன் பெல்சன் முகாமிலே மாண்டபோது 15 வயது. 2009இல் முள்ளிவாய்க்காலின் பதுங்குகுழிகளிலே கிடந்தவர்களுள் பால்குடிக் குழந்தைகளும் உண்டு. அனுபவிக்க வயதிருந்தது; அறிந்துகொள்ள வயதில்லையா? பிணங்களின் படங்களைக் காட்டிப் பயமுறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிழைத்தவரின் பேச்சைக் கேட்க வையுங்கள் என்கிறோம். படம் மருட்டும், மனிதர் பேச்சு சிந்திக்க வைக்கும்.

"பகை வளருமே!" என்பது அடுத்த அச்சம். பகையை வளர்ப்பது முழக்கம், சாட்சியம் அன்று. 1983ஐக் கடந்து வந்தவரிடம் கேட்டால், எரித்த கும்பலைப் பற்றி மட்டுமா சொல்லுவார்? தன் வீட்டுக்குள்ளே தமிழரை ஒளித்து வைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களைப் பற்றியும் சொல்லுவார். வன்னியிலே இறுதி மாதங்களில் 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் எழுதிற்று. பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்திலே அரசின் குண்டுகள் விழுந்ததையும், மருத்துவமனைகள் தாக்கப்பட்டதையும் எழுதிய அதே குழு, தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் எழுதிற்று. பிழைத்தவர் இரண்டையும் அறிவார்.

இன்னும் ஒன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த அக்டோபரிலே வடக்கின் முஸ்லிம்கள் புலிகளால் மண்ணைவிட்டே விரட்டப்பட்டனர். அவர்களும் தமிழ் பேசுவோரே! அவர்கள் குரலையும் நம் இளைஞன் கேட்கட்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியிலே ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தனவே, அங்கே பிழைத்தவர் சொன்னதையும் கேட்கட்டும். தன் காயத்தை மட்டும் காண்பவன் பகுத்தறிவாளன் அல்லன். அவனும் ஒருவகைப் பக்தனே.

மூன்றாவது கேள்வி நம்மவரே கேட்பது: "நினைவு தவறுமே! வாய்மொழியை நம்பலாமா?" நல்ல கேள்வி. நம்பச் சொல்லவில்லை; விசாரிக்கச் சொல்கிறோம். வேதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, சாட்சியைச் செய்யலாம். எந்த ஊர், எந்த நாள், கண்டதா, கேட்டதா என்று வினவலாம், இன்னொருவர் சொல்லோடு ஒப்பிடலாம், ஆவணத்தோடு பொருத்தலாம். 1961இல் ஜெருசலேத்திலே ஐக்மன் விசாரிக்கப்பட்டபோது ஆவணங்களும் வந்தன. நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளும் வந்தனர். ஒன்றை ஒன்று தாங்கிற்று.

"இனப்படுகொலை" என்ற சொல்லையும் அப்படியே ஆராயட்டும். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, ஓர் இனத்தையோ மதத்தாரையோ முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்களை வகுத்திருக்கிறது. வடமாகாண சபை 2015 பிப்ரவரியிலே இனப்படுகொலை என்று தீர்மானம் செய்தது, கொழும்பு மறுக்கிறது, ஐ.நா. வல்லுநர் குழு போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற அளவிலே நின்றது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணமோ, மே 18இல் முடியும் வாரத்தைத் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமாக 2021இல் சட்டமாக்கிற்று. பனி பொழியும் நாட்டிலே சட்டம் இருக்கிறது. பூந்தமல்லியிலே ஒரு பேச்சுக் கூட்டமாவது இருக்கவேண்டாமா?

காலம் காத்திராது. 1983இல் இருபது வயதாயிருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 2009 மே மாதத்திலே பிறந்த குழந்தை பதினாறைத் தாண்டிவிட்டது. சொல்பவர் குறைகின்றனர், கேட்க வேண்டியவர் வளர்கின்றனர்.

ஆகவே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்களே! உங்கள் படிப்பகத்திலே மாதம் ஒரு மாலையை ஒதுக்குங்கள். முகாமுக்குச் சென்று, விருப்பமுள்ள பெரியவர்களை மதிப்போடு அழையுங்கள், விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். பூந்தமல்லியிலேயே "சிறப்பு முகாம்" என்ற பெயரால் ஈழத்தமிழர் அடைக்கப்பட்டிருந்த கதையையும் கேளுங்கள். நம் வீட்டுக் குற்றம் அதிலே தெரியும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டோரை முன் வரிசையிலே அமர்த்துங்கள். சொல்பவர் நிறுத்தினால் நிறுத்துங்கள், அழுதால் பொறுத்திருங்கள். அவர் இசைந்தால் எழுதி வையுங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டித் திருத்துங்கள். மாலை போட்டு அனுப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். அவர்கள் கேட்கும் குடியுரிமைக்கும் உடன் குரல் கொடுங்கள்.

நாளை எவனாவது ஒருவன் ஒரு பட்டியலைக் கையிலே கொடுத்து, "இந்த வீடுகளைக் காட்டு" என்பான். அன்று நம் இளைஞன், தான் கேட்ட ஒரு கிழவியின் குரலை நினைத்து, அந்தப் பட்டியலைக் கிழித்தெறிய வேண்டும். அதற்காகவே கேட்கிறோம்: உயிர் பிழைத்தவர் உரைக்கட்டும்; இளைஞர் செவி கொடுக்கட்டும்!