எல்லோரும் மந்தை, நான் மட்டும் தனி: ஒரு நாவலைப் பற்றிய மனக்குறை

சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம் சார் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எதை வாங்கலாம் என்று சொல்வதற்கு முன்னால், நகரத்துப் பிள்ளைகள் பலர் கையில் வைத்திருக்கிற ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வெரோனிகா ராத் எழுதி 2011-ல் வெளிவந்த 'டைவர்ஜென்ட்'. 2012-லும் 2013-லும் அடுத்த இரண்டு பாகங்கள் வந்தன. கோடிக்கணக்கில் விற்றது. 2014-ல் சினிமாவாகவும் வந்தது. சென்னையில் பத்தாம் வகுப்பு முடித்த என் பேத்தி, "தாத்தா, நீங்க கட்டாயம் படிக்கணும்" என்று மூன்று பாகங்களையும் இங்கே வைத்துவிட்டுப் போனாள். கரியாலூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் மூன்றையும் படித்து முடித்தேன்.

கதை இதுதான். வருங்காலச் சிகாகோ நகரம். மக்கள் ஐந்து பிரிவாக வாழ்கிறார்கள். தன்னலம் இல்லாதவர்கள் ஒரு பிரிவு, துணிச்சல்காரர்கள் ஒரு பிரிவு, அறிவாளிகள் ஒரு பிரிவு, உண்மை பேசுகிறவர்கள் ஒரு பிரிவு, சமாதானப் பிரியர்கள் ஒரு பிரிவு. பதினாறு வயதில் ஒரு சோதனை வைத்து, நீ எந்தக் குணம் என்று சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு ஒரு சடங்கு. கையைக் கீறி, தனக்குப் பிடித்த பிரிவின் கிண்ணத்தில் ரத்தம் சொட்டவேண்டும். அதோடு வாழ்க்கை முடிவாகிவிடும். நாயகி பீட்ரிசுக்கு மட்டும் சோதனையில் மூன்று குணம் வந்துவிடுகிறது. அப்படி வருவது அபூர்வமாம், ஆபத்தாம். தெரிந்தால் கொன்றுவிடுவார்களாம்.

இந்த இடத்திலேயே நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பேத்திக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் மறுபடி திறந்தேன்.

"கற்பனைக் கதைதானே சார், அதில் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கலாமா?" என்று கேட்பீர்கள். கற்பனை எனக்குப் பகை இல்லை. வேதாளம் முருங்கை மரத்தில் தொங்கியதை உங்களுக்கு நான்தான் வகுப்பில் சொன்னேன். ஹாரி பாட்டர் கதையில் ஆந்தை கடிதம் கொண்டுவருகிறது. எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களின் பொறாமை, பயம், சிநேகம் எல்லாம் நம் பள்ளிக்கூடத்தில் பார்த்த மாதிரியே இருக்கின்றன. கதைக்குக் கால் இல்லை என்பார்கள். சரி, கால் வேண்டாம். ஆனால் கதைக்குள் வருகிற மனிதருக்கு மனம் இருக்க வேண்டுமே!

ஒருவனிடம் துணிச்சலும் இரக்கமும் சேர்ந்திருப்பது அபூர்வம் என்கிறது இந்த நாவல். முப்பது ஆண்டுக்கு மேல் இந்த மலையில் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே குணம் மட்டும் உள்ள ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. காலையில் வீட்டுப்பாடம் செய்தேன் என்று கூசாமல் பொய் சொன்னவன், மத்தியானம் தன் தட்டுச் சோற்றைத் தம்பிக்குத் தள்ளிவிடுவான். பாம்பைக் கண்டு நகராமல் நின்றவள், கணக்குப் பரீட்சை என்றால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் நாற்பது பேரும் பீட்ரிஸ்தான். ஒரு நகரமே இதை மறந்துபோய், தலைமுறை தலைமுறையாக ஆளுக்கொரு குணத்தோடு அடங்கி வாழ்ந்தது என்றால், அதை நம்புவதற்கு மந்திரக்கோலை நம்புவதைவிட அதிக மூடத்தனம் வேண்டும்.

இன்னொன்று. அந்த ஊரில் வேலை யார் செய்கிறார்கள்? முதல் பாகத்தில் ஓரிடத்தில் சொல்லிச் செல்கிறார் ஆசிரியர். எந்தப் பிரிவிலும் சேர முடியாமல் தள்ளப்பட்டவர்கள்தான் குப்பை அள்ளுகிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள், துணி நெய்கிறார்கள், ரயிலும் பேருந்தும் ஓட்டுகிறார்கள். பதிலுக்குப் போதாத சோறும் போதாத துணியும் கிடைக்கின்றன. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை இங்கேதான் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நாயகி அந்தப் பக்கம் திரும்பாமல், ஓடுகிற ரயிலிலிருந்து குதிக்கப் பழகப் போய்விடுகிறாள். துணிச்சல்காரப் பிள்ளைகள் ரயிலில் ஏறிக் குதிப்பது பக்கம் பக்கமாக வருகிறது. அந்த ரயிலை ஓட்டுகிறவனுக்கு அந்தப் பாகத்தில் முகமே இல்லை. அடுத்த பாகத்தில் அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், அதுவும் ஆயுதம் ஏந்திய படையாக. அன்றாடம் உழைக்கிற மனிதராக வரவில்லை.

பதினாறு வயதில் வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு நமக்குப் புதிதா? பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று முடிவு செய்கிற அந்த இரண்டு வாரம்தான் நம் பிள்ளைகளின் சடங்கு. அங்கே கிண்ணமும் இல்லை, ரத்தமும் இல்லை. பக்கத்துப் பள்ளியில் எந்தக் குரூப் இருக்கிறது, அதற்கு வாத்தியார் இருக்கிறாரா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, விடுதியில் இடம் கிடைக்குமா, சாதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா, இவைதான் முடிவு செய்கின்றன. கணக்கில் புலியாக இருந்த பிள்ளைகள் பஸ் இல்லாத காரணத்தால் வேறு பாடம் எடுத்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கே அது நடந்தது. நாவலிலோ தடை முழுவதும் மனசுக்குள்தான். துணிந்து ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும், கதவு திறந்துவிடும். இதைப் படிக்கிற பிள்ளை, கதவு திறக்காதவனுக்குத் துணிச்சல் இல்லை என்றுதானே நினைக்கும்?

மூன்றாம் பாகத்தில் இதற்கெல்லாம் விளக்கம் வருகிறது. முன்பு ஓர் அரசாங்கம் மனிதரின் கெட்ட குணங்களை நீக்குகிறேன் என்று மரபணுவில் கை வைத்ததாம், அதில் பலருக்குப் பழுது ஏற்பட்டதாம். அந்த நகரமே அதைச் சரிசெய்ய வைத்த பரிசோதனையாம். பீட்ரிஸ் போன்றவர்கள் பழுது நீங்கிய பரிசுத்தர்களாம். அந்தப் பாகுபாட்டைக் கதைக்குள்ளேயே சிலர் எதிர்க்கிறார்கள் என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனாலும் குணம் ரத்தத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தை விளையாட்டுப் பொருள்போல எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். நமக்கு அது விளையாட்டுப் பொருளா? 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று போட்டான். பிறப்பைப் பார்த்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம். அந்தச் சட்டத்துக்கு அடங்க மறுத்ததற்காக 1920-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் பதினாறு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். குணம் ரத்தத்தில் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், நாம் முதலில் கேட்கவேண்டியது, அதைப் பதிவேட்டில் எழுதுகிற அதிகாரி யார் என்பதுதான்.

சரி, ஒரு சமூகம் நிஜத்தில் எப்படி அடங்கி இருக்கிறது? எப்படி விடுபடுகிறது? இதற்கு சிகாகோ போக வேண்டாம். நம் கல்வராயன் மலை போதும். இந்த மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது உங்கள் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். நிலம் அவர்களுடையது. வரி அவர்களுக்கு. கூலி இல்லாத உழைப்பும் அவர்களுக்கு. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. அந்த விடுதலை இந்த மலை ஏறிவர 1976 ஆகிவிட்டது. கீழே கச்சிராயபாளையத்திலிருந்து மேலே வர இருபத்தெட்டு வருஷம்! மக்கள் மூளைக்குள் யாரும் மருந்து செலுத்தவில்லை. அந்த நாவலில் ஊசி போட்டு ஒரு படையையே பொம்மையாக்கிவிடுகிறார்கள். இங்கே ஊசி தேவைப்படவில்லை. பட்டா இல்லை, பாதை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அதுவே போதுமாக இருந்தது.

அது முடிவுக்கு வந்ததும் பதினாறு வயது வீராங்கனை ஒருத்தி கத்தியோடு குதித்ததால் இல்லை. சட்டம், மனு, அலைச்சல், கையெழுத்து, மறுபடியும் மனு. இன்றுவரை அப்படித்தான். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி ஒரு குடும்பம் தன் நிலத்துக்கு உரிமை கேட்டால், கிராம சபையில் தொடங்கி, கோட்ட அளவிலான குழு, மாவட்டக் குழு என்று படி ஏறவேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் என்று நாம் ஆண்டுக்கணக்காகக் கேட்டவை அதன்பிறகுதான் பெரிய செய்தியாயின. இதில் எந்த இடத்திலும் 'தனிப் பிறவி' கிடையாது. மனு எழுதத் தெரிந்த ஒருவர், கூட நடந்த பத்துப் பேர், கூட்டத்தில் கை தூக்கிய ஐம்பது பேர். அவ்வளவுதான்.

பேத்தியிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "தாத்தா, அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டே குதிக்கிறா பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். அது நியாயமான பேச்சு. பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்வது நல்ல பாடம்தான். அடுத்து ஒன்று சொன்னாள், அதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. "எங்க கிளாஸ்ல எல்லாரும் மந்தை தாத்தா. சொன்னதைச் செய்றவங்க. நான் அப்படி இல்லை."

என் பேத்தி நல்ல பெண். இந்தச் சொல் அவளுடையது இல்லை, அந்தப் புத்தகம் தந்தது. பதினைந்து பதினாறு வயதில் எல்லாப் பிள்ளைக்கும் தான் தனி என்று ஒரு நினைப்பு வரும். அது வயசுக் கோளாறு, தானே போகும். அதைப் போகவிடாமல் முதுகில் தட்டிக்கொடுத்து, மூன்று பாகமாக விற்கிறார்கள். முதல் பாகம் வந்தபோது எழுதியவருக்கே வயது 22. அந்த இளம்பெண்ணை நான் குறை சொல்லப்போவதில்லை. இதில் லாபம் பார்த்த பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தன்னைத் தவிர மற்றவர்கள் மந்தை என்று நம்புகிற பிள்ளை கிராம சபையில் போய் உட்காராது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து மனு எழுதாது. தனக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தால் போதும் என்று கீழே இறங்கிப் போய்விடும். மேலே இருப்பவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான பிள்ளை உண்டா?

அதனால் என் வேண்டுகோள் இது. புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் இரட்டிப்பு ஆசையோடு படிப்பார்கள், அது உங்களைப் பார்த்தே எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஊரில் சோறு ஆக்குவது யார்? இதுவரை ஏன் யாரும் எதிர்க்கவில்லை? நாயகி இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன? பதில் சொல்லச் சொல்லப் பிள்ளையே புத்தகத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும்.

பக்கத்திலேயே வேறு புத்தகங்களையும் வையுங்கள். ஹார்ப்பர் லீ 1960-ல் எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' கிடைக்கும். அதில் ஒரு சிறுமி வருகிறாள். அவள் அப்பா அந்த வழக்கில் தோற்றுப்போகிறார். ஆனாலும் படித்த பிள்ளைக்கு நியாயம் என்றால் என்ன என்று தெரிந்துவிடும். தமிழில் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' இருக்கிறது. நீலகிரியில் படகர் குடும்பங்கள் தலைமுறைகளாக மாறிவந்த கதை. மலையில் வாழ்கிறவர்களை மனிதராகப் பார்த்து எழுதிய புத்தகம்.

பேத்தி அடுத்த மாதம் வருகிறாள். ஜாகிர் காலத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் அவளைக் கூட்டிப்போகப் போகிறேன். உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பெரியவர்கள் சொல்வதை நோட்டில் எழுதட்டும். அதற்குள் என் கருத்தில் மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள், திருத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
கரியாலூர்