டிமாஜியோவா, மேன்டிலா?

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மிகச்சிறந்த சென்டர் ஃபீல்டர் யார்? உடனே ஜோ டிமாஜியோ என்பார்கள். 1941-இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தவர்; வாழ்நாளில் 369 ஸ்ட்ரைக் அவுட்தான். மிக்கி மேன்டிலோ 1710!

அதனால் என்ன? கேட்ச் கொடுத்தாலும் அவுட் அவுட்தானே? மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டு மேன்டில் 1733 முறை இலவசமாக முதல் பேஸுக்குப் போனார். டிமாஜியோ 790 முறைதான். மொத்தத்தில் பேஸை எட்டியது மேன்டில் 42.1 சதவீதம், டிமாஜியோ 39.8. ஹோம் ரன் 536-க்கு 361.

போரில் டிமாஜியோ 3 சீசன்களை (1943–45) இழந்தார், உண்மை. எண்ணிக்கை குறையும், சதவீதமுமா குறையும்? மேன்டிலின் வலது முழங்கால் 1951 உலகத் தொடரிலேயே போய்விட்டது, அதுவும் டிமாஜியோ பிடிக்க வந்த பந்துக்கு வழிவிட்டபோது! அந்தக் காலோடு 1968 வரை ஆடினார்.

பந்து பிடிப்பதில் டிமாஜியோ மேல், சரி. அணியை ஜெயிக்கவைக்க? மேன்டில்தான்!