ஓடிய வழி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா?

மெதுவோட்டம் முடிந்து மூச்சு அடங்குவதற்குள் கடிகாரத்திலிருந்து திறன்பேசிக்கு ஒரு வரைபடம் வந்துவிடுகிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், இதயத்துடிப்பு எவ்வளவு என்ற எண்களுடன் ஒரு வண்ணக் கோடு. நாம் ஓடிய வழி அது. அந்தக் கோட்டைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அதை வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி இளையர்களாகிய நாம் போதிய அளவு யோசிப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் அதன் பயனைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி உடலுறுதித் தேர்வுக்கோ தேசிய சேவைக்கோ 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகுபவர்களுக்கு இந்த வரைபடம் நல்ல ஆசான். மொத்த நேரம் மட்டும் தெரிந்தால் எங்கே தவறுகிறோம் என்று தெரியாது. வேகத்துக்கேற்ப நிறம் மாறும் கோடு அதைக் காட்டிவிடும். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒருமுறை சுற்றினால் 4.3 கிலோமீட்டர். அங்கே மூன்றாவது கிலோமீட்டரில்தான் என் வேகம் எப்போதும் குறைகிறது என்பதை வரைபடம் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். புதிய வழிகளைத் தேடவும் அது தூண்டுகிறது. உட்லண்ட்சிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் பாதையைப் பகுதி பகுதியாக ஓடி, வரைபடத்தில் இணைத்துப் பார்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு.

இந்தக் கோடு எப்படி உருவாகிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் துணைக்கோளங்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கடிகாரம் பெறுகிறது. குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதை நொடிக்கொரு முறைகூடச் செய்யும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் கோடு. ராஃபிள்ஸ் பிளேஸ் போன்ற இடங்களில் உயரமான கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறிப்பதால், நாம் சிங்கப்பூர் ஆற்றின்மீதே ஓடியதுபோல் கோடு விலகித் தெரிவதும் உண்டு.

“அப்படியென்றால் அது அவ்வளவு துல்லியம் இல்லையே, பயம் எதற்கு?” என்று கேட்கலாம். ஒரு நாள் ஓட்டத்தில் கோடு சில மீட்டர் தள்ளிப் போகலாம். ஆனால் இருபது நாள் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எல்லாம் எங்கே கூடுகின்றன என்பது தெளிவாகிவிடும். பெரும்பாலும் அது நம் புளோக்கின் கீழ்த்தளம்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதும் கடிகாரம் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் நிற்பவரின் புள்ளிகள் கிறுக்கல்போல் குவிந்து கிடக்கும். அந்தக் கிறுக்கல்தான் நம் முகவரி.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பி, என்னுடன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தோழி ஒருத்தியிடம் அனுமதி கேட்டேன். அவள் ஒரு செயலியில் பொதுவில் பகிர்ந்திருந்த ஒரு மாத ஓட்டங்களை மட்டும் பார்த்தேன். பத்தே நிமிடங்களில் அவள் எந்தப் புளோக்கில் வசிக்கிறாள், எந்த மின்தூக்கியைப் பயன்படுத்துகிறாள், செவ்வாயும் வியாழனும் மாலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், கால்வாயோரம் ஆளரவமற்ற பாதையை எப்போது கடக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. கண்டுபிடித்ததைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. செயலியில் அவளைப் பின்தொடர்பவர்களில் பாதிப் பேரை அவளுக்கு யாரென்றே தெரியாது.

“புளோக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன, என் வீட்டு எண் யாருக்குத் தெரியப்போகிறது?” என்று சிலர் சொல்வார்கள். தொந்தரவு செய்ய நினைப்பவருக்கு வீட்டு எண் தேவையில்லை. எந்த நேரத்தில், எந்த மின்தூக்கியருகே காத்திருக்கலாம் என்று தெரிந்தாலே போதும். ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இங்கே குற்றம்தான். ஆனால் பெரும்பாலும் சட்டம் கைகொடுப்பது தொல்லை தொடங்கிய பிறகே. நம் தகவலைக் காப்பது அதற்கு முன்னரே நம் கையில் இருக்கிறது.

பாதுகாப்பில் ஊறியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், தன் பயனீட்டாளர்கள் ஓடிய வழிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. தனிப்பட்ட பெயர் எதுவும் அதில் இல்லை. ஆனால் 2018 ஜனவரியில் நேத்தன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளில் இருட்டாகக் கிடந்த நிலப்பரப்பின் நடுவே ராணுவ முகாம்கள் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். முகாமைச் சுற்றி வீரர்கள் ஓடிய உடற்பயிற்சி ஓட்டமே அதைக் காட்டிக்கொடுத்தது. அப்போது ரூசருக்கு வயது 20. அதே ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு, பணிக்களங்களில் இருக்கும் தன் வீரர்கள் இடங்காட்டும் வசதியைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2024 அக்டோபரில், உலகத் தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் சிலரின் ஓட்டப் பதிவுகளைக் கொண்டே தலைவர்கள் செல்லும் இடங்களை அறிய முடிகிறது என்று பிரான்சின் ‘லெ மோண்ட்’ நாளிதழ் எழுதியது.

அதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. சில நிமிட வேலை போதும். செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, ஓட்டங்களை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ‘நான் மட்டும்’ அல்லது ‘நண்பர்கள் மட்டும்’ என்று மாற்றுங்கள். தொடங்கும், முடியும் இடங்களை மறைக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். மறைக்கும் தூரத்தைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். மறைத்த வட்டத்தின் ஓரங்களை வைத்தே நடுவில் இருக்கும் வீட்டைக் கணக்கிட முடியும். கீழ்த்தளத்தில் பொத்தானை அழுத்தாமல், ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிவிட்டு அழுத்துங்கள். திரும்பும்போதும் புளோக்கை எட்டும் முன்பே நிறுத்திவிடுங்கள். நம் திரையில் பொதுவாக முழுக் கோடும் தெரியும் என்பதால், அதை அப்படியே படமெடுத்து இன்ஸ்டகிராமில் போட்டால் செய்த மறைப்பெல்லாம் வீண். பின்தொடர்பவர் பட்டியலையும் அவ்வப்போது களையெடுங்கள்.

இருந்தாலும், முழுப் பொறுப்பையும் பதின்ம வயதினர் தலையில் கட்டுவது நியாயமாகாது. சில செயலிகளில் நாமாக மாற்றாத வரை ஓட்டங்கள் எல்லாருக்கும் தெரியும்படியே இருக்கின்றன. இது தலைகீழாக மாற வேண்டும். முதலில் மூடியிருக்கட்டும்; திறக்க விரும்புபவர் திறந்துகொள்ளட்டும். பள்ளிகளும் இதில் உதவலாம். இணையப் பாதுகாப்புப் பாடத்தில் கடவுச்சொல்லைப் பற்றியும் மோசடிக் குறுஞ்செய்திகளைப் பற்றியும் சொல்லித் தருகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் மாணவர்களின் கடிகாரங்களை வைத்தே இந்த வரைபடப் பாடத்தையும் நடத்தினால், அது ஏட்டுப்பாடத்தைவிட ஆழமாகப் பதியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை, குறிப்பாக மகள், தனியாக ஓடப் போகிறாள் என்று அஞ்சி ஓட்டத்தையே நிறுத்திவிடாதீர்கள். எந்த வழியில் போகிறாள், எப்போது திரும்புவாள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். பல கடிகாரங்களில் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் இடத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தால் போதும், முன்பின் அறியாதவர்களுக்குத் தேவையில்லை.

இன்று மாலை ஓடக் கிளம்பும் முன், உங்கள் செயலியை உங்களை அறியாத ஒருவரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அந்தக் கோடு எங்கே போய் நிற்கிறது?